லாரி ஏறிய வள்ளங்கள்



ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது நம் முன்னோர் வாக்கு. வாழ்வும் தாழ்வும் மாறி வரும் என்று உணர்த்த எழுந்த பழமொழி அது. ஆனால் சொல்லுக்குச் சொல் அது மெய்யானதை 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளம் கண்டது.

பெருமழை கொட்டியது, அணைகள் பல திறக்கப்பட்டன. பம்பையாறு கரை கடந்து ஆரன்முளா, செங்கன்னூர் முதலிய ஊர்களை மூழ்கடித்தது. மாடிகளில் ஏறி நின்று மக்கள் உதவிக்குக் கூவினர். அப்பொழுது கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர் தம் வள்ளங்களை இரவோடு இரவாக லாரிகளில் ஏற்றிப் புறப்பட்டனர். வள்ளம் என்னும் சொல் நம் கன்னியாகுமரிக் கரைக்கும் உரியதே.

வள்ளத்தை லாரியில் கொண்டு போவது எளிய செயலென்று நாம் எண்ணிவிடக் கூடாது. பொழுதுபோக்கிற்குப் படகு வைத்திருக்கும் செல்வர், சக்கரம் பூட்டிய தாங்கியில் அதை ஏற்றி வண்டியின் பின்னே கட்டி இழுப்பர். சரிவான துறையில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினால் தாங்கி நீரில் இறங்கும். படகு தானே மிதக்கும். மீனவரின் வள்ளத்திற்குத் தாங்கியும் இல்லை, வெள்ளம் சூழ்ந்த ஊரில் துறையும் இல்லை. நீரில் கிடக்கையில் வள்ளத்தின் அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகிறது. லாரியிலோ பாரமெல்லாம் சில இடங்களில் மட்டும் அழுந்தும்; கட்டிய கயிறு சற்றுத் தளர்ந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்கும்.

இறக்குவது அதனினும் கடினம். இயந்திரத்தில் நீர் புகும் ஆழத்திற்கு லாரியைக் கொண்டு செல்ல இயலாது. அதற்கு முன்பே நிறுத்திவிட்டால், வள்ளம் மிதக்கும் அளவுக்கு அங்கே நீர் இராது. எஞ்சிய தூரத்திற்கு ஆள்பலமே துணை. கடற்கரை மணல் நெகிழ்ந்து கொடுக்கும், தார்ச்சாலை கொடாது.

நீரில் இறங்கிய பின்னும் கவலை தீரவில்லை. கடலலையின் போக்கு அவர்கள் அறிந்தது. கலங்கிய நீரின் அடியில் மதிற்சுவர் எங்கே, மூழ்கிய மோட்டார் எங்கே என்பதை யார் அறிவார்? நீரைத் தள்ளும் விசிறியே வள்ளத்தில் யாவற்றினும் தாழ்ந்து நிற்பது. சுவர் தட்டினால் முதலில் உடைவது அதுதான். இரு மதில்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் நீருக்கு வேகமும் மிகுதி. மற்றொன்றும் உண்டு: உப்பு நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே பாரத்திற்கு வள்ளம் சிறிது கூடுதலாகவே அமிழும்.

பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களிலிருந்தும் வள்ளங்கள் வந்தன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் ஆடவரைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. அத்துயரம் நிகழ்ந்து ஒன்பது மாதங்கூட நிறையவில்லை. இதை நாம் மறத்தல் ஆகாது.

669 வள்ளங்கள் 65,000 பேருக்கு மேல் மீட்டன என்பது அரசின் கணக்கு. வள்ளமொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாகவும், பழுதானவற்றைச் செப்பனிட உதவுவதாகவும் அரசு அறிவித்தது. உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்றவரும் உண்டு. ஆயினும் செப்பனிடும் செலவைக் கூலியென்று கொள்வது முறையன்று; வள்ளம் பழுதானால் வீட்டில் அடுப்பெரியாது.

நீர் வடிந்த பின் அவை மீண்டும் லாரி ஏறின. பலவற்றின் அடியில் கீறலும் உடைப்பும் இருந்தன. கடலுக்குப் போகுமுன் அவற்றை அடைக்க வேண்டியிருந்தது.