தத்துப் பிள்ளையும் கடல் பிரயாணமும்
(ஓசூரில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இக்கூட்டம் இரண்டு காரியங்களுக்காகக் கூட்டப்பட்டிருக்கிறது. சிப்காட் ஆலையொன்றில் வேலை செய்யும் நமது தோழரும் அவரது துணைவியாரும் நான்கு வயதுப் பெண் குழந்தையொன்றைச் சட்டப்படி தத்தெடுத்துத் தங்கள் மகளாக்கிக்கொண்டதைப் பாராட்டுவது ஒன்று. அம்மூவரும் அடுத்த வாரம் சிங்கப்பூர் பார்த்துவரப் போகிறார்கள். அவர்களை வழியனுப்புவது மற்றொன்று. இது ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியமாயிற்றே, இதற்குப் பொதுக்கூட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சொந்தக் காரியமென்று உறவினர்கள் சும்மா விட்டிருந்தால் நமக்கும் இங்கு வேலையில்லை. "அது எந்த ஜாதிப் பிள்ளையோ?" என்றார் ஒருவர். "ஜாதகமில்லாத குழந்தையை வீட்டில் சேர்க்கலாமா?" என்றார் மற்றொருவர். "குலதெய்வத்துக்கு முடி இறக்காமல் கடல் தாண்டலாமா?" என்றார் மூன்றாமவர். கேட்டவர்களில் ஒருவராவது அக்குழந்தைக்கு ஒரு வேளைப் பால் கொடுத்தவரா என்றால் அதுதான் இல்லை. ஆகவே இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வது நமது கடமையாகிறது.

முதலில் ஜாதியை எடுத்துக்கொள்வோம். பழைய இந்து தர்மத்தில் தத்து என்பது குழந்தையின் நன்மைக்காக ஏற்பட்டதல்ல. செத்தவனுக்குப் பிண்டம் போடவும், "புத்" என்னும் நரகத்திலிருந்து அவனைக் கரையேற்றவும் ஒரு ஆண் பிள்ளை வேண்டும். அதுவும் அதே ஜாதியில் வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதாகும். பெண் குழந்தை பிண்டத்துக்கு உதவாதாகையால் அதைத் தத்தெடுக்கச் சட்டமே இடந்தரவில்லை. 1949-ல் பெரியார் மணியம்மையாரைத் தமக்கு வாரிசாக்க நினைத்தபோது, பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லாததால்தான் திருமண ஏற்பாடு செய்துகொள்ள நேர்ந்தது என்பது நமது இயக்கத்தார் அறிந்ததே. 1956-ல் சட்டம் வந்த பிறகுதான் இந்து வீட்டில் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், அதையொட்டி 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பும், எந்த மதத்தாரும் தத்தெடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டன. இப்போது கலெக்டர் உத்தரவு போட்டவுடன் அக்குழந்தை அவ்வீட்டில் பிறந்த குழந்தைக்குள்ள எல்லா உரிமையும் பெறுகிறது. சர்க்காரே மகள் என்று எழுதிக்கொடுத்த பின், மாமனும் மச்சானும் ஜாதி விசாரிப்பதற்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

அடுத்தது ஜாதகம். உலகத்தாருக்கெல்லாம் கைக்கடிகாரம் செய்தனுப்பும் இந்த ஓசூரில் இருந்துகொண்டு ராகுகாலம் பார்க்கிறவர்களை என்னவென்று சொல்வது! ஜாதகம் கணித்து வளர்த்த வீடுகளுக்குச் சாவும் நோவும் வராமலா இருந்தன? நமது பக்கத்து ஊர்களில் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தவர்கள் ஜாதகம் இல்லாமலா கொடுத்தார்கள்? சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்பட்டது எதனால்? 2001 ஜனக்கணக்கில், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி ஜில்லாவில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தாம் இருந்தன. இப்படிப்பட்ட பூமியில் ஒரு பெண் குழந்தையைத் தேடிப்போய் மகளே என்று அழைத்துவந்தவர்களிடம் நட்சத்திரம் கேட்பது மனிதத் தன்மையாகுமா?

மூன்றாவது கடல். கப்பலேறினால் ஜாதி கெடும், பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று வைதீகர்கள் ஒரு காலத்தில் மிரட்டி வந்தார்கள். பெரியார் 1929-ன் கடைசியில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார். இந்த ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜகோபாலாச்சாரியாரும் 1962-ல் அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டு, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். எந்த சாஸ்திரமும் அவரைத் தடுக்கவில்லை. பெரியவர்களுக்குத் தளர்ந்துபோன சாஸ்திரம் நான்கு வயதுக் குழந்தைக்கு மட்டும் இறுக வேண்டுமா?

சிங்கப்பூர் போகிற நமது தோழர் அங்கு கட்டடங்களை மாத்திரம் பார்த்துவிட்டு வரக்கூடாது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வறுமையாலும், பிறந்த வருஷம் ஆகாதென்ற சோதிடத்தாலும் சீனக் குடும்பங்கள் சில தங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிட்டன. அவர்களை வாங்கி வளர்த்தவர்களில் நமது தமிழ்க் குடும்பத்தார் பலருண்டு. முகம் சீன முகம்; பேச்சோ தமிழ்; உடுப்போ சேலை. இப்படி வளர்ந்து தாயாகிப் பாட்டியானவர்கள் அங்கு இருக்கிறார்கள். ரத்தம் பேசுமென்றால் அவர்கள் நாவில் தமிழ் எப்படி வந்தது? வளர்த்த மடி கொடுத்ததே பாஷை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

இனி நமது தோழர் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை இடம் மாறிவந்த குழந்தை, வீட்டில் பெட்டி கட்டுவதைக் கண்டால் தன்னை மறுபடியும் எங்கோ விட்டுவிடப் போகிறார்கள் என்று பயப்படக்கூடும். ஆகையால் அவள் கையாலேயே அவள் துணியை மடித்து வைக்கச் சொல்லுங்கள். எத்தனை நாளில் திரும்புவோம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள். அவளுடைய பொம்மையொன்றை அவள் படுக்கையில் வைத்து, "நாம் திரும்பி வருகிறவரை இது இங்கே இருக்கும்" என்று சொல்லுங்கள். பத்து ஊர் சுற்றி அவளைக் களைப்படையச் செய்யாதீர்கள். அத்திப்பள்ளி தாண்டித் தேவனஹள்ளி விமான நிலையம் போகும்போது, பாஸ்போர்ட்டோடு தத்து உத்தரவும் பிறப்புச் சான்றும் கையோடிருக்கட்டும். தத்தெடுத்த உண்மையை அவளிடம் மறைக்காதீர்கள். மறைப்பதற்கு அதில் வெட்கமென்ன இருக்கிறது?

ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையின் காது கேட்க "இது உங்கள் சொந்தப் பிள்ளையா?" என்று கேட்காதீர்கள். பிள்ளையில்லாதவர்கள் ஆஸ்பத்திரித் தரகனிடம் பணங்கொடுத்துக் குழந்தை வாங்காதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலுக்குரிய குற்றம். சட்டப்படி மனுப் போட்டுக் காத்திருங்கள். காத்திருக்கும் காலம் நீண்டதுதான். ஆனாலும் அவ்வழியில் வந்த குழந்தையை யாரும் பிடுங்க முடியாது.

ஆகவே தோழர்களே! இம்மூவரும் போய்த் திரும்பும் நாளில், தத்துப் பிள்ளை வந்தது என்று சொல்லாமல், நமது தோழரின் மகள் ஊர் திரும்பினாள் என்று சொல்லி வரவேற்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.