தீர்ப்புக்குப் பின் எந்த வீட்டுக்கு?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

தொலைக்காட்சியின் பழைய நீதிமன்ற நாடகங்களை நாமறிவோம். செல்வர் வீட்டு மருமகள் அடிபடுவாள், கூண்டேறுவாள், வழக்கறிஞர் முழங்குவார், கணவன் தலைகுனிவான். 1984இல் வெளிவந்த 'விதி' திரைப்படத்தின் நீதிமன்ற உரையாடல் ஒலிநாடாவாகத் தேநீர்க் கடைகளில் ஒலித்ததை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்களைக் கொதிக்கச் செய்தது சிறு பணியன்று. ஆயினும், தீர்ப்பு வந்த மாலையில் அப்பெண் எங்கே திரும்பினாள், அவ்வீடு யார் பெயரில் இருந்தது என்பதை அந்நாடகங்கள் பெரும்பாலும் கேட்டதில்லை.

விடை இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் மணவாழ்வில் உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உடையோரில் 18, வீடு மட்டும் உடையோரில் 10, இரண்டும் உடையோரில் 7. எழுத்தறிவில் முன்னிற்கும் மண்ணில் இந்நிலை! வெளியேறினால் தங்க இடமுண்டு என்பதை மனைவி அறிந்திருக்கிறாள், கணவனும் அறிந்திருக்கிறான். வேறுபாடு அங்கேதான்.

1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நான்கிலொன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே அளித்தது. கணவரைப் பிரிந்து குழந்தைகளுடன் தந்தையின் உதகை வீட்டில் தங்கிய மேரி ராயைக் குடும்பத்தினரே வெளியேற்ற முயன்றனர். அவர் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951லேயே செல்லாததாயிற்று என உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரி 24இல் தீர்ப்பளித்தது. நாடகமாயின் அங்கே திரை விழுந்திருக்கும். அவருக்குரிய பங்கு கைக்கு வர மேலும் இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், தன் பெயரில் இல்லாவிடினும் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்குகிறது. 'பகிர்ந்து வாழும் இல்லம்' என்று அதனைத் தமிழாக்கும்போதெல்லாம் என் எழுதுகோல் சற்றே தயங்கும். பகிரப்படுவது கூரையே, உடைமையன்று. சட்டம் நடைமுறைக்கு வந்த 2006லேயே, மாமியார் பெயரிலுள்ள வீட்டுக்கு இவ்வுரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மகனுக்குரியதைப் பெற்றோர் பெயரில் வைத்திருக்கும் வசதி படைத்தோருக்கு இது எத்துணை வாய்ப்பு! 2020 அக்டோபரில்தான் அந்நிலைப்பாடு மாற்றப்பட்டது.

எனவே, அடிபட்டு வரும் பெண்ணுக்கு மனு எழுதும் நம் மாதர் அமைப்புத் தோழர்கள், காயங்களைக் குறிப்பதோடு வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். பட்டா கோரி நாம் கொடுக்கும் மனுக்களில் மனைவியின் பெயரும் இணைக்கப்படுகிறதா? அடுத்த கிளைக் கூட்டத்தில் அம்மனுக்களை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.