மிக்சிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது மிக்சி சட்டென்று நின்றுவிடுகிறது. "மோட்டார் போயிடுச்சு" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும். மறுநாளே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தால், பெரும்பாலான மாடல்களில் அடியில் சின்னதாய் ஒரு சிவப்புப் பொத்தான் தெரியும். ஜாரில் பாரம் கூடினால் மோட்டார் கருகிவிடாதபடி மின்சாரத்தைத் துண்டிக்கிற விசை அது. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் ஆறவிட்டு, ஜாரில் இருப்பதைக் குறைத்துப் பொத்தானை அழுத்தினால் பல சமயம் மிக்சி பழையபடி ஓடும். அப்படியும் ஓடாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் இரைகிறது, ஜாரில் பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளரைப் பார்க்க வேண்டும். மின்விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர்தான் காரணம். புதுப்பொருளின் விலைக்கு முன் இவற்றின் விலையெல்லாம் சில்லறைக் காசு.

ஆனாலும் தூக்கிப் போடுவதுதான் நடக்கிறது. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான்.

செல்போன் விஷயம் இன்னும் மோசம். ஐபோன்களுக்கு ஆப்பிள் நிறுவனமே வெளியிடும் அறிக்கைகளின்படி, ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில உமிழ்வில் ஏறக்குறைய 80 சதவீதம் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. தினமும் சார்ஜ் போடுவதால் வருவது கொஞ்சம்தான். ஆகவே பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் அது நல்ல ஆதாயம்.

ஃபிரிட்ஜ் கதை வேறு. இரவும் பகலும் ஓடுகிற பொருள் அது. மிகப் பழையது கரண்டைக் குடிக்கும் என்பதால் மாற்றுவதே சரியாக இருக்கலாம். கதவு சரியாக மூடாததுதான் குறை என்றால் முதலில் கேஸ்கட்டை மாற்றிப் பார்க்கலாம்.

பிரான்சில் 2021 ஜனவரியில் செல்போன், லேப்டாப், டி.வி. போன்றவற்றை விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதும் அந்த மதிப்பெண்ணில் அடக்கம். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. வாங்கும் பொருளின் நிறுவனம் அதில் இருக்கிறதா, சர்வீஸ் சென்டர் எங்கே, உதிரிபாகம் என்ன விலை என்பதையெல்லாம் பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.