பழைய ஆய்வகக் கருவி: மலிவா வாங்கலாம், விவரம் தெரிஞ்சு வாங்கணும்

(அறிவியல் ஆர்வலர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மைக்ராஸ்கோப், ஆசிலோஸ்கோப், துல்லியத் தராசு. இதையெல்லாம் புதுசா வாங்கப் போனா, விலையைக் கேட்டதுமே பாதி ஆர்வம் போயிடும். ஆனால் கல்லூரிகளும் ஆய்வகங்களும் புதிய கருவி வாங்கும்போது பழையதை ஒதுக்கிவிடுகின்றன. அவற்றில் சில, சின்ன பழுது பார்த்தாலே ஓடும். அவற்றை வாங்க மூணு வழி இருக்கு.

முதல் வழி, அரசு ஏலம். அரசு நிறுவனங்கள் "கழிவு செய்யப்பட்ட பொருட்கள்" என்று அறிவித்த பிறகே கருவிகளை விற்க முடியும். மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி நடத்தும் மின்-ஏலத்தையும், ஜெம் தளத்தின் ஏலப் பகுதியையும் உங்க போன்லயே பார்க்கலாம். மாநில அரசுக் கல்லூரி என்றால் அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். கழிவு செய்த பொருட்களின் பட்டியலை, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

ஏலத்தில் பொருள் "உள்ளது உள்ளபடி" விற்கப்படும். வாங்கின பிறகு குறை சொல்ல முடியாது. அதனால பார்வையிட அனுமதிக்கும் நாளில் கட்டாயம் போய்ப் பாருங்க. முன்வைப்புத் தொகை, ஜிஎஸ்டி, எடுத்துச் செல்ல வேண்டிய கடைசி நாள் மூன்றையும் படித்த பிறகே விலை கேளுங்கள். பெரும்பாலும் மொத்தமாகத்தான் விற்பார்கள். நாலு பேர் சேர்ந்து வாங்கினா கட்டுப்படியாகும்.

இரண்டாவது, தனியார் கல்லூரிகள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சில நேரம் இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவது, சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகள்.

எங்கே வாங்கினாலும் ரசீதோ, கொடுத்தவரின் கடிதமோ அவசியம். "லேப்ல சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோ" என்று ஊழியர் ஒருவர் சொன்னால் வாங்கிக்காதீங்க. அரசுப் பொருளை அப்படிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. பிரச்சினை வந்தால் மாட்டுவது நீங்களும்தான்.

மைக்ராஸ்கோப் என்றால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை படரும். நூல் நூலாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். படக்குழாய் வைத்த பழைய ஆசிலோஸ்கோப்பில், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கக் கூடாது.

கடைசியாகச் சொல்வதை மட்டும் மறக்காதீங்க. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் பழைய பொருளோடு ஏலம் போனது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு அது தெரியாது. பிரித்தார்கள். கதிர்வீச்சுப் பாதிப்பில் ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விற்றது படித்தவர்கள் நடத்தும் பல்கலைக்கழகம்தான். அதனால், "ஏலத்துல வந்த பொருள்தானே" என்று நம்பிவிடக் கூடாது.

மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுக் குறி, காரணம் தெரியாத கனமான ஈயப் பெட்டி, பெயர் அழிந்த ரசாயனப் புட்டி, பாதரசம். இவற்றில் எதைப் பார்த்தாலும் தொடாதீங்க. கதிர்வீச்சுக் குறி என்றால் தள்ளி நின்று 112-க்கு அழையுங்கள்.

ஏலம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஃபைபாக்ஸ் என்ற இலவச செயலியைப் போட்டால், போனில் உள்ள சென்சார்களை வைத்தே முடுக்கம், ஒலி, காந்தப்புலம் அளக்கலாம். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.