பழைய சாமான்: தானமா? விற்பனையா?

(ஒரு வாசக சாலைக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறிய விஷயம் என்று உங்களில் பலருக்குத் தோன்றலாம். வீட்டில் வேண்டாததாய்ப் போன பழைய சாமான்களை விற்பதா, தானமாகக் கொடுப்பதா என்பதுதான் அது. இதற்கும் ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஒரு மனிதன் மற்ற மனிதனை எவ்வளவு தூரம் சமமாக மதிக்கிறான் என்பதை அவன் மேடையில் பேசுகிற பேச்சைக் கொண்டு கண்டுபிடித்துவிட முடியாது. தனக்கு வேண்டாததை யாருக்கு, எந்த விதமாகக் கொடுக்கிறான் என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு என் தாயார் காலமானார்கள். அவர்கள் 40 வருஷ காலம் குடியிருந்த வாடகை வீட்டை ஒரு மாதத்திற்குள் காலி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டில், பீரோ, பித்தளை அண்டா, எவர்சில்வர் பாத்திரங்கள், ஒரு பெட்டி நிறையச் சேலை, ஓடுகிற தையல் மெஷின், ஓடாத டெலிவிஷன், படுக்கையாய்க் கிடந்த காலத்தில் வாங்கிய காற்று மெத்தை, பிடித்து நடக்கும் வாக்கர், பாதி தீர்ந்த மருந்துப் பாட்டில்கள் இத்தனையும் இருந்தன. வீட்டில் மூன்று கட்சிகள் ஏற்பட்டன. எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டால் போன ஆத்மாவுக்கு நல்லது என்றார் என் அத்தை. காசாகிறதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றார் என் அண்ணன். போகி வருகிறது, கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்றார் மற்றொரு உறவினர்.

கொளுத்துகிற கட்சியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2018-ம் வருஷத்துப் போகியன்று சென்னையில் பனியும் இந்தப் புகையும் சேர்ந்துகொண்டு, விமானங்கள் இறங்க வழி தெரியாமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போயின. ஆகாயத்தில் போகிறவனுக்கே வழி மறைத்தால், கீழே மூச்சு விடுகிற குழந்தைக்கு என்ன கதி? பழையன கழிதல் என்றால் பிறர் நெஞ்சுக்குள் புகையாகப் போய்ச் சேருதல் என்று யார் அர்த்தம் சொன்னார்கள்?

நிற்க. தானம் செய்கிற கட்சிக்கு வருவோம். நம் நாட்டில் தானம் என்பது வாங்குகிறவனுக்கு என்ன பிரயோஜனம் என்பதற்காக ஏற்பட்டதாகத் தெரியவில்லை. கொடுக்கிறவனுக்கு என்ன லாபம் என்பதுதான் அதில் கணக்கு. இதை நான் சொன்னால் நாஸ்திகன் பேச்சு என்பீர்கள். ஆகவே அவர்களுடைய கடோபநிஷத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அதில் ஒரு பெரியவர் தமது சொத்து முழுவதையும் தானம் செய்வதாகச் சொல்லி ஒரு யாகம் நடத்துகிறார். தானத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த பசுக்களைப் பார்த்தால், புல் தின்று முடித்து, தண்ணீர் குடித்து முடித்து, பால் கொடுத்து முடித்து, இனி கன்று போடவும் சக்தியில்லாத கிழட்டு மாடுகள். பக்கத்தில் நின்ற அவருடைய பிள்ளை நசிகேதனுக்கு, இப்படிக் கொடுத்தால் நல்ல கதி கிடைக்குமா என்று சந்தேகம் வருகிறது. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். தகப்பனார் கோபித்துக்கொண்டு, உன்னை எமனுக்குக் கொடுத்தேன் என்கிறார்! கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. கறவை நின்ற மாட்டைக் கொடுத்தால், மாட்டுக்குத் தீனி போடும் தண்டச் செலவு கொடுத்தவனை விட்டு வாங்கினவன் தலையில் ஏறிற்று. இதற்குப் பெயர் தானமா?

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். பல ஊர்களிலிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கிற்று. மனமிரங்கி அனுப்பியவர்கள் அநேகர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்ததில் கிழிசல் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு, கடற்கரையில் யாருமே உடுத்தாத உடை எவ்வளவு! நேற்று வரை கடலில் இறங்கித் தன் கையால் சம்பாதித்து உடுத்திய மீனவர்கள், பிறர் கழித்துப்போட்டதை உடுத்த மாட்டோம் என்றார்கள். துணி சாலையோரத்தில் குவியலாகக் கிடந்து மண்ணிலும் மழையிலும் மக்கிற்று. அதை வாரி அப்புறப்படுத்துவதே அங்கிருந்தவர்களுக்குத் தனி வேலையாய்ப் போயிற்று. வீடு போனவனுக்கு மானமும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு அனுப்பியதன் பலன் இது.

இனி என் வீட்டுச் சங்கதியையே சொல்லுகிறேன். என் தாயாருக்குப் பல வருஷம் உதவியாய் இருந்து வீட்டு வேலை செய்த அம்மாளுக்கு, அந்தத் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஏழு பழஞ்சேலைகளைக் கொடுத்தார் என் அண்ணன். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம், துணிக்குப் பாத்திரம் மாற்றுகிற வியாபாரியிடம் அவற்றைப் போட்டு ஓர் எவர்சில்வர் குண்டான் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது. அண்ணனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அம்மா கட்டிய சேலையை விற்றுவிட்டாளே என்றார். நான் கேட்டேன்: "அண்ணா, அம்மா கட்டிய கட்டிலை நீங்கள் விற்கலாம், சேலையை அவர் விற்கக்கூடாதா? கொடுத்த பிறகு அது யார் சேலை? சம்பளத்தைக் கொடுக்காமல் சேலையைக் கொடுத்தது தர்மமா, பாக்கியா?" பதில் இல்லை. பின்பு பாக்கியைக் கணக்குப் பார்த்து ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கூலிக்குப் பதிலாகக் கழிவைக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்ப்பது ஒன்றுக்கு இரண்டாகத் திருடுவதாகும்.

அடுத்து, தையல் மெஷின். பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்மணி வாடகை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, "இதை நீயே எடுத்துக்கொள் அம்மா, காசு வேண்டாம்" என்றேன். என் மனதில் நான் பெரிய தயாளன் என்ற எண்ணம். அவர் மெஷினை ஓட்டிப் பார்த்தார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "விலை சொல்லுங்கள் அண்ணா. சும்மா எடுத்துக்கொண்டால் என்றைக்கும் இது உங்கள் மெஷின். விலைக்கு வாங்கினால்தான் என் மெஷின்" என்றார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. 3,000 ரூபாய் என்று சொன்னேன். பெல்ட் பழசு என்று 500 ரூபாய் குறைத்தார். மாதம் 500 ரூபாயாக ஐந்து மாதத்தில் தீர்த்துவிட்டார். இன்று எதிரில் வந்தால் என்னைப் பார்த்துத் தலை குனிவதில்லை. சிரித்துப் பேசிவிட்டுப் போகிறார். இலவசமாக வாங்கியிருந்தால் என் மெஷினைக் குறை சொல்ல அவருக்கு வாய் வந்திருக்குமா? வாங்குகிறவனுக்குப் பேரம் பேச உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. தானம் பெறுகிறவனுக்கு அந்த இரண்டும் இல்லை.

அப்படியானால் எதையும் சும்மா கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. நாங்கள் செய்ததைச் சொல்லுகிறேன். உங்களுக்குச் சரி என்று பட்டால் செய்யுங்கள். சாமானைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்வி கேட்டோம். முதலாவது, இது இப்பொழுது வேலை செய்கிறதா? இரண்டாவது, நம் சம்பந்தி வீட்டுக்கு இதைத் துடைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க நமக்குக் கூசுமா? மூன்றாவது, இதை வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?

வேலை செய்யாததைத் தானம் என்ற பேச்சிலேயே சேர்க்கவில்லை. இரும்பும் பித்தளையும் காயலான் கடைக்குப் போயிற்று. அது நாணயமான வியாபாரம். ஓடாத டெலிவிஷனை மாத்திரம் கண்ட இடத்தில் போடவில்லை. ஏன் என்றால், அதற்குள் ஈயம் முதலிய விஷப் பொருள்கள் இருக்கின்றன. செம்புக் கம்பிக்காக அதை உடைத்துக் கொளுத்துகிறவன் ஏழைத் தொழிலாளி, அந்தப் புகையைக் குடிக்கிறவையும் அவன் பிள்ளைகளே. 2023-ம் வருஷம் ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் இது போய்ச் சேரவேண்டும். அப்படியே சேர்த்தோம். மீதி மருந்துகளை யாருக்கும் கொடுக்கவில்லை; ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவருக்குக் கொடுப்பது தர்மமாகாது, அபாயமாகும்.

வேலை செய்கிற, விலை போகிற சாமான்களை நியாயமான விலைக்கு விற்றோம். வாங்க வந்தவர் ஏழையாக இருந்தால் விலையைக் குறைத்தோமே தவிர, அவரைத் தாழ்த்தவில்லை. வாக்கரையும் காற்று மெத்தையையும் மாத்திரம் விற்கவில்லை. விலை அதிகம், தேவை சில மாதத்துக்கு. படுக்கையில் ஒருவர் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் அலைந்து தேட ஆள் இருக்காது. ஆகவே அவற்றைக் கழுவித் துடைத்து இதே வாசக சாலையில் வைத்திருக்கிறோம். தேவைப்பட்டவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகலாம். தீர்ந்ததும் திருப்பிக் கொண்டுவரலாம். இது யாருக்கும் பிச்சையல்ல, எல்லோருக்கும் பொது. இதுவரை இரண்டு வீடுகளுக்குப் போய் வந்திருக்கின்றது. விற்று வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு இரண்டாவது வாக்கர் ஒன்றும் வாங்கியாயிற்று.

தோழர்களே! கொடுக்கும் குணம் நல்ல குணம்தான். ஆனால் அலமாரியைக் காலி செய்கிற அவசரத்துக்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள். கொடுப்பதானால், உங்களுக்குச் சமமானவன் கைநீட்டி வாங்கக்கூடிய பொருளைக் கொடுங்கள். விற்பதானால், குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். குப்பையானால் குப்பை என்று ஒப்புக்கொள்ளுங்கள். இதில் எது பிடிக்கவில்லையோ அதை இந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். என்னுடைய பழைய சாமானை உங்கள் தலையில் கட்டும் எண்ணம் எனக்கில்லை.