மனை வருது, லாரியும் வருது
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு வங்கிக் கடன் பத்திப் பேசுறதா சொல்லியிருந்தோம். அதை அடுத்த மாதம் வச்சுக்கலாம். போன செவ்வாய்க்கிழமை காலையில், நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது கீழத்தெரு முனையில் டிப்பர் லாரி உரசி விழுந்துட்டா. கால் எலும்பு முறிஞ்சிருக்கு. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. உயிர் தப்பினது தெய்வச் செயல்னு எல்லாரும் சொல்றோம். அந்த லாரி நம்ம தெருவுக்குள்ள ஏன் வந்ததுன்னு யாராவது கேட்டோமா?

ஏரிக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிற புது மனைப்பிரிவுக்கு கிராவல் ஏத்திட்டு வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு நம்ம மாதிரி ஊர்களில் நெல் விளைஞ்ச இடத்தில் எல்லாம் கல் நட்டு, கொடி கட்டியாச்சு. மனை போடுறதுக்கு நான் எதிரி இல்லை. இங்க உட்கார்ந்திருக்கிறவங்களிலேயே மாதத் தவணை கட்டி மனை வாங்குறவங்க இருக்கீங்க. சில பேர் உள்கடன் எடுத்துத்தான் முன்பணம் கொடுத்தீங்க. தீர்மான நோட்டில் மட்டும் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதியிருக்கு! (சிரிப்பு) பெண் பேரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது நல்லதுதான். ஆனா மனையைப் போய்ப் பார்த்த நாம, அதுக்குப் போற பாதையைப் பார்க்கலை.

அந்த மனைப்பிரிவுக்குள்ள 30 அடி ரோடு. அதுக்குப் போற நம்ம கீழத்தெரு 12 அடிதான். டிப்பர் லாரி சுமார் 8 அடி அகலம். மிச்சம் இருக்கிற 4 அடியில்தான் சைக்கிளும், தண்ணிக் குடமும், திண்ணையில் இருந்து இறங்குற பாட்டியும், ஆட்டுக்குட்டியும் போகணும். இப்ப கிராவல் லாரி. நாளைக்கு செங்கல், மணல், ஜல்லி. வீடு கட்டி முடிச்ச பிறகு கார், வேன், கம்பெனி பஸ். இது ஒரு மாசத்தில் முடியற விஷயம் இல்லை.

வேகம்னா என்னன்னு ஒரு கணக்குச் சொல்றேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிடும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். ரெண்டு சேலையை நீளமா விரிச்சுப் போட்டா எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம். குழந்தை குறுக்கே ஓடுறதை டிரைவர் கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒரு நொடி ஆகும். அந்த ரெண்டு சேலை தூரம் வண்டி அதே வேகத்தில்தான் வரும். பிரேக் பிடிச்ச பிறகும் உடனே நிக்காது. லோடு வண்டின்னா கேட்கவே வேண்டாம்.

இதைப் பார்த்துத்தான் நம்ம பையன்கள் அன்னிக்கு ராத்திரியே சிமெண்டு போட்டு வேகத்தடை கட்டினாங்க. ஆத்திரம் எனக்குப் புரியுது. ஆனா மூணாம் நாள் பால் கேனோட வந்த தம்பி அதில் ஏறி விழுந்தார். சாலைக்கான விதிமுறைப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், ஆமை முதுகு மாதிரி சரிவா இருக்கணும். வெள்ளைக் கோடு போடணும், முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும். நம்ம பையன்கள் கட்டினது திண்ணை மாதிரி இருந்தது.

யார்கிட்ட கேட்கிறது? முதல்ல அந்த ரோடு யாரோடதுன்னு தெரியணும். ஊராட்சி ரோடு, ஊராட்சி ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலைத் துறை ரோடுன்னு தனித்தனி. பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு மனுவுக்காக மூணு மாதம் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைஞ்சோம். கடைசியில் அது நெடுஞ்சாலைத் துறை ரோடாம். ஆக்ரோஷமா மனு எழுதிக் கொடுத்தது நான்தான், தப்பும் என்னோடதுதான். நம்ம கீழத்தெரு ஊராட்சி ரோடுதான், விசாரிச்சுட்டேன்.

மனைப்பிரிவு பத்தியும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அங்கீகாரம் வாங்கும்போது மனைப்பிரிவுக்குள்ள இருக்கிற ரோட்டை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கணும். 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல இருந்தா, பத்தில் ஒரு பங்கு பூங்கா, விளையாட்டுக்குன்னு விடணும். அதையும் எழுதிக் கொடுக்கணும். அந்த இடம் இல்லைன்னா பிள்ளைங்க ரோட்டில்தான் விளையாடும். தவணை கட்டுறவங்க அங்கீகார எண்ணையும், வரைபடத்தையும் கேட்டு வாங்குங்க. தரலைன்னா ஊராட்சியில் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும்.

மனை போட்டவர் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார், அதனால ஆம்பளைங்க வாய் திறக்க யோசிக்கிறாங்க. பந்தலுக்கு நன்றி சொல்லுவோம். காலை 8-லிருந்து ஒன்பதரை, சாயங்காலம் 4-லிருந்து 5 வரை லாரி வரக் கூடாதுன்னும் சொல்லுவோம். ஏரிக்கரை மண் பாதையைச் சரி பண்ணினா லாரி அந்த வழியா சுத்திப் போகலாம். கால் மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், அங்க வாயால சொன்னது காத்தோட போயிடும். தீர்மானமா எழுதச் சொல்லி, வாசிச்சுக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க. அதுக்கு முன்னாடி வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வாங்காம வரக் கூடாது. குழுவுக்கு ரெண்டு பேர் வரணும், பஸ் செலவு கூட்டமைப்பு நிதியில் இருந்து.

அடிபட்ட பிள்ளையோட அம்மா மனுவை எழுதிட்டு வந்திருக்காங்க. இப்ப வாசிப்பாங்க. விட்டுப்போனது ஏதாவது இருந்தா சொல்லுங்க, சேர்த்துக்கலாம்.