எழுத்துக்கு அஸ்திவாரம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் ஆறு வயது மகன்தான் காரணம். எழுத்து கோணல் என்று பள்ளியில் தினமும் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். நானும் "இன்னொரு தரம் எழுதுடா" என்று அதட்டினேன். கடைசியில் நோட்டைக் கண்டாலே அழ ஆரம்பித்தான்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா நோட்டைத் திறக்கவேயில்லை; அவன் உட்காரும் விதத்தைப் பார்த்தார். கால் தரையில் எட்டாமல் தொங்கியது. "உடம்பு ஆடினால் விரல் எப்படி சார் நிற்கும்?" என்றார்.

மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதானாம். எல்லாம் எலும்பாகி முடியப் பல வருடங்கள் ஆகும். முதுகும் தோளும் உறுதியாக இருந்தால் விரலைக் கட்டுப்படுத்துவது எளிதாகும். அஸ்திவாரம் காயுமுன் மாடி எழுப்பாதே என்று இதே கல்லூரியில் படித்தவன் நான். மகன் விஷயத்தில் மறந்துவிட்டேன்!

அவர் சொன்ன பயிற்சிகள் எளியவை. காலடியில் ஒரு பலகை. சப்பாத்தி மாவு பிசைதல், கொடியில் கிளிப் மாட்டுதல். சுவர்க் கரும்பலகையில் துண்டு சாக்பீஸால் பெரிய 'அ'. துண்டு சாக்பீஸை முஷ்டியால் பிடிக்க முடியாது. விரல் நுனிகள்தான் பிடித்தாக வேண்டும். பிறகு தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத்து. நம் பாட்டிமார் வழிதான்.

இன்றும் அவன் எழுத்து முத்து முத்தாக இல்லை. ஆனால் அழுவதில்லை, தானே நோட்டை எடுக்கிறான்.

நாளை பெற்றோராகப் போகும் தம்பி தங்கைகளே, கோணல் எழுத்தைக் கண்டால் பிரம்பைத் தேடாதீர்கள். முதலில் குழந்தையின் கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள்.